வெள்ளந்தி முகம்: பாடகர் இம் ஷிவான் நடிகரான விதம்

கொரியாவில் ‘ஜொத்கல்’ என்று ஒன்று உண்டு. மீன், இறால், கணவாய் என்று எதையாவது உப்பில் போட்டு நாள்பட ஊறவைப்பார்கள். 2014 அக்டோபரில் டிவிஎன் சேனலில் தொடங்கிய ‘மிசெங்’ தொடரின் முதல் அத்தியாயத்தில், ஒரு பெரிய வர்த்தக நிறுவனத்தின் பயிற்சி ஊழியர்களை இந்தக் கணவாய் ஜொத்கலைச் சோதிக்க அனுப்புகிறார்கள். கணவாயோடு வேறு இனம் ஏதும் கலந்திருக்கிறதா என்று கையைவிட்டுப் பொறுக்கிப் பார்க்கவேண்டும். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ஒருவன் மட்டும் பொருந்தாத சட்டையும் கழுத்து டையுமாக அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறான். முகத்தில் கோபம் இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது மெல்ல உறைக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பையனாக நடித்தவர் இம் ஷிவான். அதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்னால் மேடையில் ஒன்பது பேரில் ஒருவராக ஆடிக்கொண்டிருந்தவர். பத்து ஆண்டு கழித்து அதே மனிதர் உலகமே பார்த்த இன்னொரு கணவாய்க் கதைக்குள் 333ஆம் எண் சட்டையோடு நுழைந்தார். ‘ஸ்குவிட் கேம்’ என்ற பெயரைத் தமிழில் சொன்னால் கணவாய் விளையாட்டுதானே!

கொரியப் பாப் பாடகர்கள் நடிக்க வருவது புதிதல்ல. அதற்கென்றே ‘யோன்கிதோல்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: நடிக்கிற ஐடல். நிறுவனங்கள் பயிற்சி கொடுத்து மேடையேற்றும் பாப் நட்சத்திரங்களைத்தான் ஐடல் என்கிறார்கள். அதில் பாராட்டைவிடக் கிண்டல்தான் அதிகம். மோசமாக நடித்தால் ‘பல்யோன்கி’, அதாவது காலால் நடிக்கிறான் என்று கேலி வேறு. முகத்துக்காகவும் விசிறிக் கூட்டத்துக்காகவும் வாய்ப்பு வாங்கி, தகுதியான நடிகரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற எரிச்சல் அந்தக் கேலிக்குப் பின்னால் உண்டு. அந்த எரிச்சல் நியாயமில்லாததும் அல்ல.

ஷிவான் விஷயத்தில் அந்தப் பேச்சு ஒரு கட்டத்தில் அடங்கிப்போனது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ‘கடின உழைப்பு’ என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. கொரியாவில் உழைக்காத ஐடல் யார்? என் பதில் அவர் முகத்தில் இருக்கிறது. ஐடல் தொழிலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வெள்ளந்தி முகத்தை அவர் மறைக்கவில்லை, மாற்றவும் முயலவில்லை. வெவ்வேறு இயக்குநர்கள் அதே முகத்தை வெவ்வேறு காரியத்துக்குப் பயன்படுத்த இடம்கொடுத்தார்.

ஒன்பதில் ஒன்று

1988 டிசம்பர் 1ஆம் தேதி பூசானில் பிறந்தவர். துறைமுக ஊர், பேச்சில் ஒரு முரட்டு ராகம் உண்டு. சியோல்காரர்கள் அதைக் கேட்டால் சண்டை போடுகிறார்களோ என்று நினைப்பார்கள். பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தார். பாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போன இடத்தில், பாப் குழுக்களை உருவாக்கும் ஸ்டார் எம்பயர் நிறுவனத்தின் கண்ணில் பட்டார். பொறியியல் பாதியில் நின்றது. நம்மூர் வீடுகளில் இதற்கு என்ன ரகளை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பூசான் வீடுகளும் அதற்குச் சளைத்தவை அல்ல.

2010 ஜனவரியில் ‘ஜெகுகே ஐதுல்’ என்ற பெயரில் ஒன்பது பையன்கள் அறிமுகமானார்கள். ‘பேரரசின் பிள்ளைகள்’ என்று பொருள். நிறுவனத்தின் பெயரையே பிள்ளைகளின் தலையில் சூட்டிவிட்டார்கள். சுருக்கமாக ‘ஜெ-ஆ’. முதல் பாட்டின் பெயர் ‘மஸல்டாவ்’. யூதர்கள் வாழ்த்துச் சொல்லப் பயன்படுத்தும் எபிரேயச் சொல் எதற்காகக் கொரியப் பையன்களின் வாயில் வந்தது என்று கேட்கக்கூடாது, அந்தக் காலத்துக் கே-பாப் அப்படி. காதில் ஒட்டிக்கொண்டால் போகாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் 210 வினாடி. ஒன்பது பேருக்குச் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு 23 வினாடி வரும். ஆனால் எந்தக் குழுவிலும் சமமாகப் பங்கிடுவதில்லை. நன்றாகப் பாடுகிறவருக்கும் முன்னால் நிற்கிறவருக்கும் போக மீதிதான் மற்றவர்களுக்கு. அந்த மீதியில் கேமரா நம் பக்கம் திரும்பும் இரண்டு வினாடியில் முகம் தயாராக இருக்கவேண்டும், திரும்பிய பிறகும் முகம் வாடக்கூடாது. பின்வரிசையில் நிற்கிறவன் கற்றுக்கொள்ளும் வித்தை இது. கவனத்தை இழுக்காமல், ஆனால் உயிரோடு நிற்பது. நடிப்புப் பள்ளியில் இதற்குத் தனி வகுப்பு எடுப்பார்கள். இவருக்கு அது பிழைப்பாகவே வாய்த்தது.

குழு பெரிய வெற்றி பெறவில்லை. பிக்பேங், சூப்பர் ஜூனியர் எல்லாம் கோலோச்சிய காலம் அது. கூடவே இருந்த குவாங்ஹீ பேச்சு நிகழ்ச்சிகளில் வாயாடிப் பெயர் எடுத்தார். பார்க் ஹியுங்-சிக், கிம் டொங்-ஜுன் இருவரும் பின்னாளில் நடிகர்களானார்கள். குழு தோற்றதால்தான் உறுப்பினர்களுக்கு வெளியே வாசல் திறந்தது என்று கொஞ்சம் கொடூரமாகச் சொல்லலாம். உச்சத்தில் இருக்கும் குழுவென்றால் உலகச் சுற்றுப்பயணம், ஆல்பம், விளம்பரம் என்று நாள்காட்டியில் இடமே இருக்காது. இவர்களுக்கு நேரம் இருந்தது.

வளராத பாத்திரங்கள்

2012 ஜனவரியில் எம்பிசி சேனலில் ‘சூரியனைத் தழுவிய நிலவு’ தொடங்கியது. கொரியாவின் பழைய ஜோசன் அரச வம்சக் காலத்துக் கற்பனை அரசகதை. கடைசியில் பார்வையாளர் விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டிய தொடர். அதில் கதாநாயகியின் அண்ணன் ஹோ யோம் என்ற பாத்திரத்தின் இளவயதுப் பகுதி ஷிவானுக்கு. அறிவாளி, அழகன், அதிர்ந்து பேசாதவன். முதல் ஆறு அத்தியாயத்தோடு அவர் வேலை முடிந்தது, பாத்திரம் வளர்ந்து வேறொரு நடிகரிடம் போய்விட்டது. அதே ஆண்டு கேபிஎஸ் தொடரொன்றிலும் இதே கதை: கதாபாத்திரத்தின் இளமை இவருக்கு, வளர்ந்த பிறகு வேறொருவருக்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. இருபது அத்தியாயம் தோளில் சுமக்கவேண்டியதில்லை. தவறினால் தொடர் கவிழாது. நன்றாகச் செய்தால் ‘அந்தச் சின்னப் பையன் யார்?’ என்று கேட்பார்கள். கேட்டார்கள். பல ஐடல்களுக்கு முதல் படியே கதாநாயகன் வேடம். விழுந்தால் அடி பலமாக இருக்கும், அந்தக் கேலி பத்து வருடம் துரத்தும். ஷிவான் ஓரத்திலிருந்து உள்ளே வந்தார். அது திட்டமா, கிடைத்ததை எடுத்துக்கொண்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. விளைவு நல்லதாக இருந்தது.

சூப்புக் கடைக்காரியின் மகன்

2013 டிசம்பரில் வந்த ‘வழக்கறிஞர்’ படத்தைப் பற்றிப் பேச 1981க்குப் போகவேண்டும். சுன் தூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி. பூசானில் புத்தகம் படிக்கும் வட்டமொன்றில் இருந்த மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று 22 பேரை வாரன்ட் இல்லாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரவதை செய்து, கம்யூனிஸ்டுகள் என்று ஒப்புக்கொள்ளவைத்து, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். ‘புரிம் வழக்கு’ என்று பெயர். அதுவரை வரி வழக்குகளில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாட வந்து, அதற்குப் பிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. அவர்தான் பின்னாளில் அதிபரான ரோ மூ-ஹ்யுன்.

யாங் ஊ-சக் இயக்கிய படத்தில் அந்த வழக்கறிஞரின் சாயலில் சொங் காங்-ஹோ. அவர் பசியோடிருந்த காலத்தில் பன்றிக்கறி சூப்பும் சோறும் போட்ட கடைக்காரப் பெண்மணியாக கிம் யங்-ஏ. அந்தப் பெண்மணியின் மகன், கல்லூரி மாணவன் ஜின்-ஊவாக இம் ஷிவான். பூசான் பையன் பூசான் பேச்சில், தான் படித்த வயதில் இருக்கும் ஒரு மாணவனாக. வட்டார வழக்குக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

பையன் காணாமல் போகிறான். அம்மா பிணவறை வரைக்கும் தேடிவிட்டு, கடைசியில் சிறையில் பார்க்கிறாள். அந்தச் சந்திப்புக் காட்சியை நான் மூன்று முறையாவது பார்த்திருப்பேன். ஷிவான் அதில் கதறுவதில்லை. உடம்பு இங்கே இருக்கிறது, ஆள் வேறெங்கோ இருக்கிறான். பார்வை எதிரில் இருப்பவர்மேல் நிற்காமல் வழுக்குகிறது. எதிரில் கிம் யங்-ஏ, பக்கத்தில் சொங் காங்-ஹோ. கொரிய நடிப்பின் இரண்டு தூண்கள். அவர்களோடு போட்டி போட்டிருந்தால் தோற்றிருப்பார். போட்டியே போடாமல் காலியாக உட்கார்ந்திருக்கிறார், அவர்கள் இருவரின் பதற்றமும் அந்த வெறுமையில் போய் விழுகிறது.

முகம் இங்கே செய்யும் வேலையைக் கவனியுங்கள். சுத்தமான, யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம். அதில் காயத்தைப் பார்த்ததும் பார்வையாளனுக்கு அரசியல் விளக்கமே தேவைப்படவில்லை. ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் 1 கோடியே 13 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் விற்றது. படம் ஓடிக்கொண்டிருந்த 2014 பிப்ரவரியில், மறுவிசாரணையில் அந்த வழக்கின் ஐந்து பேரை பூசான் நீதிமன்றம் விடுவித்தது. உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. முப்பத்துமூன்று ஆண்டு தாமதம்.

இன்னும் உயிர் வராத காய்கள்

இனி ‘மிசெங்’. ‘கோ’ விளையாட்டைக் கொரியர்கள் ‘பாதுக்’ என்பார்கள். கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டத்தில் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம். ஒரு காய்க் கூட்டத்துக்குள் எதிரி புகமுடியாத இரண்டு ‘கண்’ இருந்தால் அதற்கு உயிர் உண்டு, யாரும் பிடிக்கமுடியாது. இல்லையென்றால் அது இன்னும் உயிர் பெறவில்லை, செத்தும் போகவில்லை. அந்த நிலைக்குத்தான் ‘மிசெங்’ என்று பெயர். முழு உயிர் வந்துவிட்டால் ‘வான்செங்’.

யூன் தே-ஹோ வரைந்த வெப்டூனிலிருந்து, அதாவது இணையப் படக்கதையிலிருந்து வந்த கதை. நாயகன் ஜாங் குரே சின்ன வயதிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரன் ஆவதற்காக மட்டுமே வளர்க்கப்பட்டவன். பயிற்சி மாணவனாகவே காலம் போய், தேர்ச்சி கிடைக்காமல் வெளியே வருகிறான். கையில் இருப்பது பள்ளிச் சமநிலைத் தேர்வுச் சான்று ஒன்றுதான். தெரிந்தவர் சிபாரிசில் ஒரு வர்த்தக நிறுவனத்துக்குள் பயிற்சி ஊழியனாக நுழைகிறான். அவனுக்கு நகல் எடுக்கும் எந்திரத்தைக்கூட ஓட்டத் தெரியாது.

பாதுக் பயிற்சி மாணவன், ஐடல் டிரெய்னி. இரண்டும் ஒரே வார்ப்பு. சின்ன வயதில் ஒரே வேலைக்காகத் தேர்ந்தெடுப்பார்கள், மற்றப் படிப்பெல்லாம் கைநழுவும், பெரும்பாலானவர்கள் கரைசேராமலே வெளியேறுவார்கள். வெளியே வந்ததும் ‘இத்தனை வருடம் என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. ஷிவான் இந்த வேடத்துக்குப் புதியவரும் அல்ல. 2013இலேயே கைப்பேசிக்காக எடுக்கப்பட்ட ‘மிசெங்’ முன்கதைக் குறும்படத்தில் இதே ஜாங் குரேவாக நடித்துவிட்டார். தொடர் எடுத்தபோது வேடம் திரும்பவும் அவரிடமே வந்தது.

‘குரே’ என்றால் கொரிய மொழியில் ‘சரி’, ‘ஆமாம்’ என்று அர்த்தம். பெயரே சரி. வருவதற்கெல்லாம் சரி என்று தலையாட்டும் பையன்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். பக்கத்துக் குழுவைச் சேர்ந்த ஒருவர் குரேயிடம் பசை கேட்டு வாங்குகிறார். அவருடைய கவனக்குறைவால் அலுவலக ஆவணத்தாள் ஒன்று வெளியே போய் மேலதிகாரி கையில் சிக்குகிறது. பழி குரே மேலும் அவன் மேலாளர் ஓ சாங்-சிக் மேலும் விழுகிறது. ஓ அவனை வாட்டி எடுக்கிறார். பிறகு உண்மை தெரிகிறது. அன்றிரவு குடித்துவிட்டுத் தள்ளாடும் ஓ, பக்கத்துக் குழு மேலாளரைப் பார்த்து, உன் ஆள் செய்த வேலைக்கு ‘எங்க பையன்’ திட்டு வாங்கினானே என்று கத்துகிறார். கொரிய மொழியில் ‘உரி ஏ’. இரண்டே சொல். மன்னிப்புக் கேட்கவில்லை, குரேயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘எங்க’ என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்கும் ஷிவானின் முகத்தைக் கேமரா விடாமல் பிடித்துக்கொள்கிறது. முதலில் காதில் சரியாக விழுந்ததா என்ற சந்தேகம். அப்புறம் அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் அசைவு. கண் நிறைகிறது, ஆனால் சிரிப்பும் வருகிறது. சம்பளம், பதவி எதுவும் மாறவில்லை. ‘எங்க பையன்’ ஆகிவிட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் யாரோ ஒருவர் ‘நம்ம பையன்தான், பார்த்துக்கலாம்’ என்று சொல்லக் கேட்டவர்களுக்கு இது புரியும். எனக்குப் புரிந்தது. என் முதல் வேலையில் அதைச் சொன்னவர் ஒரு ஸ்டோர் கீப்பர். பெயரைவிட அவர் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப் மைதான் ஞாபகம் இருக்கிறது.

சியோல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் பிரம்மாண்டமான சியோல் ஸ்கொயர் கட்டடத்தில் படமாக்கினார்கள். ஒருகாலத்தில் தேவூ குழுமத்தின் தலைமையகம் அது. 20 அத்தியாயம், டிசம்பர் 20இல் முடிந்தது. காதல் கதையே இல்லாத, அலுவலகக் கோப்புகளைப் பற்றிய ஒரு கேபிள் தொடர் 8 சதவீதப் பார்வையாளரைத் தாண்டியது அன்றைக்குப் பெரிய செய்தி. பின்னால் ஜப்பானும் சீனாவும் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டன. கொரியாவின் திரைப்பட, தொலைக்காட்சி விருதான பெக்சாங்கில், 2015இல் ஓ மேலாளராக நடித்த லீ சங்-மின் சிறந்த நடிகர், இயக்குநர் கிம் வொன்-சக் சிறந்த இயக்குநர், ஷிவான் தொலைக்காட்சிப் பிரிவில் சிறந்த புதுமுக நடிகர். அதே மேடையில் திரைப்படப் பிரிவின் புதுமுக நடிகர் விருதை வாங்கியவர் பார்க் யூ-சுன், அவரும் பாப் குழுவிலிருந்து வந்தவர்தான். காலால் நடிக்கிறார்கள் என்று கேலி செய்தவர்கள் அன்று கொஞ்சம் கையைப் பிசைந்திருப்பார்கள்.

திரைக்கு வெளியே இன்னொரு விசித்திரம் நடந்தது. தொடர் முடிந்த சில நாளிலேயே, ஒப்பந்த ஊழியர்களை இரண்டு ஆண்டுக்குப் பதில் நான்கு ஆண்டுவரை ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு ஒரு யோசனையை வெளியிட்டது. நாளிதழ்கள் அதற்கு ‘ஜாங் குரே சட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டன. இது குரேயைக் காப்பாற்றும் சட்டமல்ல, குரேக்களை மொத்தமாக உற்பத்தி செய்யும் சட்டம் என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. யோசனை 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. கதையில் குரேயின் வயது 26. அவனுக்கே பொருந்தாது! அடுத்த ஆண்டு தொழிலாளர் அமைச்சகத்தின் சீர்திருத்த விளம்பரத்தில் ஷிவானே வந்தபோது விமர்சனம் அவர்மேலும் திரும்பியது. அந்த ஒப்பந்த நீட்டிப்பு கடைசிவரை சட்டமாகவில்லை. ஒரு முகம் மக்கள் மனதில் பதிந்துவிட்டால் அதை வாடகைக்குக் கேட்டு யார் யாரோ வருவார்கள். இதில் நான் ஷிவான் பக்கம் நிற்கமாட்டேன். அந்த விளம்பரத்தை அவர் தவிர்த்திருக்கலாம்.

2014 செப்டம்பரில், தொடர் தொடங்கும் முன், அவருடைய பாட்டுக் குழுவின் தலைவர் வருமானப் பங்கீடு பற்றி நிறுவனத் தலைவரை ட்விட்டரில் வெளிப்படையாகச் சாடியிருந்தார். ஓரிரு நாளில் சமாதானம் ஆனது. ஒப்பந்தம், கூலி, யார் நம்ம ஆள், யார் இல்லை என்பதெல்லாம் ஷிவானுக்குத் திரைக்கதையில் மட்டும் தெரிந்த விஷயங்கள் அல்ல.

முகம் திரும்புகிறது

2017 அவர் வாழ்க்கையில் நெருக்கடியான ஆண்டு. ஜனவரியில் ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்தது. நடிகர்களை மட்டும் வைத்திருக்கும் பிளம் ஆக்டர்ஸ் நிறுவனத்துக்குப் போனார். மே மாதம் பியுன் சங்-ஹ்யுன் இயக்கிய ‘புல்ஹான்தங்’ படம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நள்ளிரவுத் திரையிடலுக்குப் போனது. ஜூலை 11இல் தலையை மழித்துக்கொண்டு ராணுவத்துக்குப் போனார்.

‘புல்ஹான்தங்’ சிறையில் சந்தித்துக்கொள்ளும் ஒரு ரவுடிக்கும் ஒரு இளைஞனுக்கும் இடையிலான கதை. இளைஞன் போலீஸ் அனுப்பிய ஆள். ரவுடியாக சொல் கியுங்-கு. இந்தப் படத்தில்தான் முதன்முறையாக வெள்ளந்தி முகத்தைப் பார்த்து நாம் சந்தேகப்படுகிறோம். சிரிக்கிறான், குறும்பு செய்கிறான். எது வேடம், எது அவன்? படம் முடியும்போது அந்த முகத்தில் மிச்சமிருப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். உள்ளூரில் 10 லட்சம் டிக்கெட்கூட விற்கவில்லை. இயக்குநரின் சமூக ஊடகப் பதிவுகள் கிளப்பிய சர்ச்சையும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு விசிறிக் கூட்டம் திரையரங்குகளை வாடகைக்கு எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தது. தோற்ற படங்களில் இப்படி ஒரு பின்வாழ்க்கை சிலவற்றுக்குத்தான் வாய்க்கும்.

கட்டாய ராணுவ சேவை பல கொரிய நடிகர்களுக்கு ஒரு பள்ளம். சரியாக ஏறிக்கொண்டிருக்கும்போது இருபது மாதம் காணாமல் போகவேண்டும். 2019 மார்ச் 27இல் திரும்பி வந்த ஷிவான் முதலில் எடுத்தது ‘நரகத்திலிருந்து வந்த அந்நியர்கள்’. ஊரிலிருந்து சியோலுக்கு வேலைக்கு வரும் ஒருவன் மலிவு வாடகைக்கு ‘கோஷிவொன்’ ஒன்றில் தங்குகிறான். தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தொடங்கிய தங்குமிடங்கள் இவை. ஒரு கட்டில், ஒரு மேசை, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அறை. பக்கத்து அறைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. பத்து அத்தியாயம் முழுக்க அவனுக்குள் புகைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. குரே அலுவலகத்தில் விழுங்கியதையெல்லாம் இவன் விழுங்க மறுக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆளின் இரண்டு முடிவுகள்போல இருக்கும்.

அப்புறம் ‘அவசரப் பிரகடனம்’. 2021இல் கானில் திரையிட்டு, 2022 ஆகஸ்டில் கொரியாவில் வெளியான விமானப் படம். சொங் காங்-ஹோ, லீ பியுங்-ஹுன், ஜொன் டோ-யொன் என்று பெரிய தலைகள். ஷிவான் விமானத்தில் கிருமியைப் பரப்புகிறவன். தொடக்கத்தில் விமான நிலையக் கவுன்டரில் நின்று, எந்த விமானத்தில் ஆட்கள் அதிகம் போகிறார்கள் என்று விசாரிக்கிறான். குரலில் ஒரு கடுமையும் இல்லை. நாகரிகமான பையன் வழி கேட்பதுபோல் கேட்கிறான். பிறகு கழிப்பறைக்குள் போய்த் தன் அக்குளைத் தானே கீறி, கிருமிக் குப்பியை உள்ளே ஒளித்துவைக்கிறான். அப்போதும் அதே முகம். புருவம் நெரிவதில்லை, வில்லச் சிரிப்பு இல்லை. காரணமும் சரியாகச் சொல்லப்படுவதில்லை.

படத்தின் பிற்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அழுகையும் உபதேசமும் கூடிப்போய்விட்டது. பாதியிலேயே வில்லன் போய்விடுவதால் படத்தின் உயிரும் கூடவே போகிறது. ஆனால் 2013இல் இதே பையனைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்திய சொங் காங்-ஹோ, இங்கே துப்பறியும் அதிகாரியாகத் தரையில் அவன் விட்டுச்சென்ற தடயங்களைத் தேடி ஓடுகிறார். இரண்டு படத்திலும் ஷிவானின் முகத்தில் அதிக வித்தியாசம் கிடையாது. முன்னதில் அதைப் பார்த்து நெஞ்சு அடைத்தது, பின்னதில் பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஒட்டாதவை

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்கவேண்டாம். 2014இல் ‘மிசெங்’குக்கு முன்னால் வந்த ‘டிரையாங்கிள்’ தொடர் பலருக்கு நினைவிலேயே இருக்காது. கொரியப் போர்க்காலச் சிறுவர் பாடகர் குழுவைப் பற்றிய 2016 படத்தில் ராணுவ வீரராக வந்தார். நல்லவர், மிக நல்லவர், அதனாலேயே சலிப்பு. ‘ரன் ஆன்’ காதல் தொடரில் ஓட்டக்காரராக நன்றாகவே இருந்தார், பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ‘1947 பாஸ்டன்’ படத்தில் சோ யுன்-பொக்காக நடித்தார். ஜப்பான் கொடியின்கீழ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய சோன் கீ-ஜொங்கின் பயிற்சியில், விடுதலைக்குப் பின் கொரியாவின் பெயரில் ஓடி 1947 பாஸ்டன் மாரத்தானை 2 மணி 25 நிமிடம் 39 வினாடியில் வென்றவர் சோ. ஓட்டத்தின் நடுவே நாய் குறுக்கே வந்து விழுந்து எழுந்தது நிஜமாகவே நடந்தது. இத்தனை இருந்தும் கொரோனாவால் தள்ளித் தள்ளி 2023இல் வந்த படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. வரலாற்று நாயகன் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாயகன்தான். இந்த முகத்துக்கு அது வேலை கொடுக்கவில்லை.

மாறாக, அதே 2023 நவம்பரில் வந்த ‘பாய்ஹுட்’டில் ஆள் அடையாளமே தெரியவில்லை. 1989, சுங்சொங் மாகாணம், பள்ளியில் தினமும் அடி வாங்கும் சோப்ளாங்கி ஒருவன் ஊர் மாறி வந்த இடத்தில் பெரிய ரவுடி என்று தவறாக நம்பப்படுகிறான். முப்பத்தைந்தை நெருங்கும் நடிகர் பள்ளிச் சீருடையில்! நடை, முதுகுக் கூன், இழுத்து இழுத்துப் பேசும் அந்த வட்டாரப் பேச்சு, எல்லாமே சிரிப்பு. அழகன் என்ற பெயரைத் தானே கிழித்துப்போட்ட வேடம் அது. அதே ஆண்டு பிப்ரவரியில், தொலைந்த கைப்பேசிக்குள் புகுந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சூறையாடுகிறவனாக நெட்ஃபிளிக்ஸ் படமொன்றில் வந்திருந்தார். கைப்பேசியைச் சரிசெய்து தரும் கடைக்காரனாகச் சிரித்துக்கொண்டே பேசுவான். யாராக இருந்தாலும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவோம்.

333

2024 டிசம்பர் 26இல் ‘ஸ்குவிட் கேம்’ இரண்டாம் பருவம், 2025 ஜூன் 27இல் மூன்றாவது. கடனில் மூழ்கிய 456 பேர் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து ஆடும் கதை. ஷிவானுக்கு லீ மியுங்-கி என்ற பாத்திரம். கிரிப்டோ காசு பற்றி யூடியூபில் பேசி நம்பவைத்து, பார்த்தவர்களின் பணத்தையும் தன் பணத்தையும் சேர்த்துத் தொலைத்தவன். அதே கூடத்தில் 230ஆம் எண்ணாக பிக்பேங் குழுவில் முன்பு இருந்த டி.ஓ.பி., 222ஆம் எண்ணாக, மியுங்-கி கைவிட்டு ஓடிய கர்ப்பிணிக் காதலியாக, ஐஸ்ஒன் குழுவில் பாடிய ஜோ யூ-ரி. ஒருகாலத்தில் ஒன்பது பேரில் ஒருவர், இப்போது 456 பேரில் ஒருவர். மூன்று பாடகர்களும் ஒரே பச்சை உடுப்பில்.

மியுங்-கி நல்லவனா கெட்டவனா என்று தொடர் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். பார்க்காதவர்களுக்காக முடிவை விட்டுவிடுகிறேன். இந்தக் கேள்வியைத் தாங்குவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது, ‘வழக்கறிஞர்’ படத்து மாணவனும் விமானத்துக் கிருமிக்காரனும் ஒரே முகத்துக்குள் இருக்கும் நடிகர் கிடைத்தார்.

தொடர் தமிழ் டப்பிங்கிலும் வந்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடியது. டப்பிங்கில் அவருடைய குரல் கிடையாது. பாட வந்தவரின் குரல் போய், வேறு யாரோ ஒருவர் தமிழில் பேசுகிறார், முகம் மட்டும் அவருடையது. இம் ஷிவான் யாரென்றே தெரியாத என் அண்ணி, காய் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, “பாவம், இந்தப் பையன் யார்கிட்டயோ ஏமாந்துதான் இங்க வந்திருப்பான்” என்றார்.